பட்டறையில் செய்யும் துணைக்கருவிகளுக்கு வேகக் கணக்கும் காப்பும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதவு, சன்னல், கட்டில், அலமாரி செய்து பிழைக்கும் சிறிய மரப் பட்டறைகள் பலவற்றில் இருப்பது ஒரே ஓர் இயந்திரம். நடுவில் பலகை இழைக்கும் கத்தி உருளை, அதே தண்டின் ஒரு முனையில் வட்ட ரம்பம், மறுமுனையில் துளை போடும் சக், கீழே ஒரு மோட்டாரும் பெல்ட்டும் என்ற அமைப்பு அது. இந்த மூன்று வேலைகளுக்கு மேல் வேண்டியவற்றைத் தச்சர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் எல் ஆங்கிளைப் பற்றவைத்தும், லேத்தில் தண்டு கடைந்து வாங்கியும், மீந்துபோன பிளைவுட்டை அறுத்தும் அவர்கள் உருவாக்கும் துணைக்கருவிகளைப் பற்றித் தமிழில் முறையாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. அந்தக் குறையைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தொழிற்பயிற்சித் துறையினரின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தக் கருவிகளைத் தற்காலிக ஒட்டுவேலை என்று ஒதுக்குவது தவறு. கழுந்தின், அதாவது மூட்டுத் துளைக்குள் நுழையும் சட்டமுனையின், தோளை அறுப்பதற்கான தள்ளுபலகை ஒன்றைப் பாருங்கள். நம் இயந்திரங்கள் பலவற்றின் ரம்ப மேசையில் தள்ளுபலகை ஓடுவதற்கான பள்ளம் இருப்பதில்லை என்பதால், 12 மி.மீ. பிளைவுட்டின் அடியில் இரண்டு மரப்பட்டைகளைத் திருகி, அவை மேசையின் இரு ஓரங்களையும் கவ்வி ஓடும்படி செய்கிறார்கள். ரம்பத்துக்கு மூலைமட்டமாக ஒரு சட்டம், அதில் ஓர் அளவுக்கட்டை, அவ்வளவுதான். பத்து சன்னல் சட்டங்களை அடுத்தடுத்து வைத்து அறுத்தாலும் பத்தின் தோளும் ஒரே கோட்டில் நிற்கும். தேர்ந்த தச்சர் அளவுக்கட்டையின் கீழ்முனையைச் சற்றே சீவி விடுவார். இல்லையெனில் அங்கே மரத்தூள் சேர்ந்து நான்காவது சட்டத்திலிருந்து அளவு பிசகும். ரம்பம் வெளிவரும் இடத்தில், கட்டைவிரல் வழக்கமாகப் பிடிக்கும் பக்கம், ஒரு தடித்த கட்டையையும் ஒட்டி வைப்பார். இவற்றை எந்த இயந்திரக் கடையும் விற்பதில்லை. நாள்தோறும் அந்த மேசையின் முன் நிற்பவருக்கே தோன்றும் அறிவு இது.

ஆனால் எல்லாத் துணைக்கருவியையும் இதே நம்பிக்கையோடு செய்துவிட முடியாது. அதற்கு முதற்காரணம் வேகம். நிமிடத்துக்கு 1440 முறை சுற்றும் மோட்டாரில் 6 அங்குலப் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) கத்தித் தண்டில் 2 அங்குலப் புல்லியும் இருந்தால், தண்டு நிமிடத்துக்கு 4320 முறை சுற்றும். 10 அங்குல ரம்பத்தின் பல் அப்போது வினாடிக்கு 57 மீட்டர், அதாவது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. இழைப்பதற்கும் அறுப்பதற்கும் ஏற்ற இந்த வேகம் மற்ற வேலைகளுக்கு ஏற்றதல்ல. 4 அங்குல விட்டமுள்ள கட்டில் காலைக் கடைய 700 முதல் 900 சுற்று போதும். அந்தக் கட்டையை 4320 சுற்றில் ஓடும் தண்டோடு இணைத்தால், அது பிடியை விட்டுப் பறப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. உப்புத்தாள் ஒட்டிய தேய்ப்பு வட்டத்துக்கும் மோட்டாரின் 1440 சுற்றே போதும்; அதைக் கத்தித் தண்டில் மாட்டினால் மரம் கருகும், தாள் கிழிந்து தெறிக்கும்.

இவற்றைவிட என்னை அதிகம் கலங்கவைப்பது, இழைப்புக் கத்தியைத் தீட்டுவதற்காக ரம்பத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சாணைக்கல்லை மாட்டும் வழக்கம். சாதாரணச் சாணைக்கல் பெரும்பாலும் வினாடிக்கு 35 மீட்டர் விளிம்பு வேகத்துக்கே செய்யப்படுகிறது. 8 அங்குலக் கல்லுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 3300 சுற்று. கல்லின் மீது ஒட்டிய வட்டத்தாளில் அதிகபட்சச் சுற்று அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் 4320 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் 46 மீட்டராகிறது. அந்நிலையில் கல் வெடித்தால், எதிரில் நிற்பவரைக் காப்பாற்ற அங்கே எந்த மூடியும் இல்லை. ஆகவே கடைசலுக்கும் தேய்ப்புக்கும் சாணைக்கும் தனித் தண்டும் தனிப் புல்லியும் வைத்தே துணைக்கருவி செய்ய வேண்டும். மோட்டாரில் 3 அங்குலமும் தண்டில் 6 அங்குலமும் வைத்தால் 720 சுற்று கிடைக்கும் என்ற எளிய வகுத்தலைப் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு இளைஞருக்கும் சொல்லித்தர வேண்டும்.

அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ஷாப்ஸ்மித் என்ற பல்பயன் இயந்திரம் 1947இல் விற்பனைக்கு வந்தது. வட்ட ரம்பம், கடைசல், தேய்ப்பு வட்டம், செங்குத்துத் துளை, கிடைமட்டத் துளை ஆகிய ஐந்தும் அந்த ஒரே இயந்திரத்தில் அடங்கும். 1950களில் வந்த அதன் மார்க் ஃபைவ் வகையில், ஒரு குமிழைத் திருப்பினாலே வேகத்தை 700இலிருந்து 5200 சுற்று வரை மாற்றலாம். அதை வாங்கியவர்கள் தலைமுறைகளாகத் தாங்களே துணைக்கருவிகளைச் செய்து பூட்டி வருவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நம் பட்டறை இயந்திரம் ஒரே வேகத்தில் ஓடுவது. அதற்குத் துணைக்கருவி செய்பவருக்குக் கணக்கும் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் கருவியை முதலில் செய்வது என்பது. நான் வாங்கிய இயந்திரத்தோடு ரம்பத்துக்குப் பின்னால் நின்று அறுபட்ட பாதிகளை விலக்கி வைக்க வேண்டிய பிரிப்புத் தகடு வரவில்லை. கேட்டபோது, யாரும் அதைக் கேட்பதில்லை என்றே விற்றவர் சொன்னார். முழுதாகக் காயாத வேப்பம் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது, அறுபட்ட இரு பாதிகளும் வாயை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை ஆதலால், கவ்விய பலகையைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருப்பவரின் வயிற்றை நோக்கி எறியும். அதே நொடியில் பலகையின் மேலிருந்த கை ரம்பத்தை நோக்கிச் சரியும். எங்கள் வட்டாரத்தில் விரல் நுனி இழந்த தச்சர்களைப் பார்க்காதவர் குறைவு.

இதைத் தடுக்கும் தகட்டை எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். பல் அகலம் 3 மி.மீ., உடல் தடிமன் 2.2 மி.மீ. உள்ள கார்பைடு பல் ரம்பத்துக்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட 2.5 மி.மீ. எஃகுத் தகடு பொருந்தும். பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம், தகட்டின் உச்சி ரம்பத்தின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் இயந்திரத்தில் ரம்பத் தண்டு அசையாது, மேசைதான் ஏறி இறங்கும். ஆகவே தகட்டை மேசையில் திருகினால், மேசையை இறக்கும்போதெல்லாம் இடைவெளி மாறிவிடும். தண்டின் பேரிங் பெட்டியை ஒட்டி இயந்திர உடலில் ஒரு தாங்கி வைத்து, அதில்தான் தகட்டைப் பூட்ட வேண்டும்.

இழைப்பு மேசையில் பலகையைத் தள்ள, அதன் பின்விளிம்பைப் பிடிக்கும் குதியுள்ள தள்ளுகட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஓர் அடிக்கும் குறைந்த துண்டுகளை இந்த மேசையில் இழைக்காமல் இருப்பதே நல்லது. மின்சாரம் போய்த் திரும்பும்போது இயந்திரம் தானாக ஓடத் தொடங்குவதும் பெரிய ஆபத்து. சாதாரண சுவிட்சைக் கழற்றிவிட்டு, பம்பு செட்டுக்குப் போடுவது போன்ற, ஆனால் ஆட்டோ வசதி இல்லாத ஸ்டார்ட்டரை மின்பணியாளரைக் கொண்டு பொருத்தினால், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. ரம்பத்தின் அடியில் தகரக் கூடு அமைத்துத் தூளை ஒரு டிரம்முக்கு இழுக்கவும் செய்யலாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

சுழலும் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஆனால் இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்குள் வந்து பார்ப்பவர் எவரும் இல்லை. அதனால் என் வேண்டுகோள்கள் எளியவை. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் தச்சர் பிரிவும் பிட்டர் பிரிவும் சேர்ந்து, இந்த இயந்திரத்துக்கான பிரிப்புத் தகடு, தள்ளுபலகை, வேகம் குறைக்கும் துணைத்தண்டு ஆகியவற்றை மாணவர்களைக் கொண்டே செய்து, ஓட்டிச் சோதித்து, அளவுகளோடு தமிழில் வரைபடங்களாக அச்சிட்டுப் பட்டறைகளுக்குத் தர வேண்டும். ஏற்கெனவே நல்ல துணைக்கருவிகள் செய்து வைத்திருக்கும் உள்ளூர்த் தச்சர்களை அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, அவர்கள் கண்டறிந்தவற்றையும் அந்த வரைபடங்களில் சேர்க்க வேண்டும். இயந்திரம் செய்யும் நிறுவனங்கள், தகடு பூட்டுவதற்கான தாங்கியையும் மேசையில் ஒரு நேர்ப்பள்ளத்தையும் விற்கும்போதே அமைத்துத் தர வேண்டும். கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவற்றின் வழியாக மானியக் கடனில் மரவேலை இயந்திரம் வாங்கும்போது, பிரிப்புத் தகடும் ரம்ப மூடியும் ஸ்டார்ட்டரும் இல்லாத விலைப்பட்டியலை மாவட்டத் தொழில் மையங்கள் ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
தச்சுப் பட்டறை நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.