அம்மாவின் எடையை எழுதி வைத்தவர்களுக்கு

1969 முதல் 1973 வரை வேலூர் டவுனிலும் எங்கள் கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களிலும் பிறந்த பிள்ளைகளை எல்லாம் வீடு தேடி வந்து அளந்து எழுதிக்கொண்டு போன வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அக்காமார்களுக்கும், அந்த நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கும் வணக்கம்.

1971இல் பிறந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாராகப் பார்த்து ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டார், இன்றுவரை ஆதாரில் இருப்பது அதுதான். ஐப்பசி அடைமழையில் பிறந்தாய் என்பாள் அம்மா, ஆனால் தேதி அவளுக்கும் தெரியாது. உங்கள் நோட்டில் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி வந்து குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி உயரம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மறந்தே போச்சு. 2000இல் நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தபோது, என் பேரையும் அப்பா பேரையும் மட்டும் வைத்துக்கொண்டு ஊரில் தெருத்தெருவாக விசாரித்து, பெரியம்மாவிடம் விலாசம் வாங்கி, வேகாத வெயிலில் வந்து நின்றீர்களே, அதற்கே எப்படி நன்றி சொல்வது! வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து மறுபடி எடுத்தீர்கள். அப்படித் தேடிப் பிடித்துப் பார்த்த 2,218 பேரில் நூற்றுக்கு 19 பேர் சர்க்கரை நோயின் வாசலில் நின்றோம். முப்பது வயதுகூட ஆகவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்றைக்கு நடை போயிருக்க மாட்டேன், ராத்திரிச் சோற்றைக் குறைத்திருக்க மாட்டேன். ஐம்பதைத் தாண்டியும் மாத்திரை இல்லாமல் இருக்கிறேன்.

இதில் கூட நின்ற இங்கிலாந்து சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கும் நன்றி. அங்கே டேவிட் பார்க்கர் என்ற டாக்டர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் நர்சுகள் அந்தக் காலத்தில் எழுதி வைத்த குழந்தை எடைகளை வைத்துத்தான், கருவிலும் முதல் வருஷத்திலும் சரியாக வளராத பிள்ளைக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னாராம். எங்கள் ஊரிலும் சின்ன வயதில் ஒல்லியாக இருந்து பிறகு எடை போட்டவர்களுக்குத்தான் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று தெரிந்தது. நானும் அப்படித்தான்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது வேறு. ரத்தம் எடுத்த அன்றைக்கு ஒரு அக்கா பழைய நோட்டில் என் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நீல மசி, ஓரம் பழுப்பேறிய தாள். என் எடை இரண்டரைக் கிலோ. அதற்கு மேலே, நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவின் எடை 41 கிலோ. நாள் முழுக்க பீடி சுற்றிக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவள். அவள் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

அந்த எண்ணை எழுதிய அக்காவுக்கு இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.