உங்க ஊர்க்காரர் ஒருத்தர்

அடியே கல்லிடைக்குறிச்சிக்காரி,

நல்லா இருக்கியா, அண்ணனுக்கு முட்டிவலி பரவாயில்லையா, பேத்தி நடக்க ஆரம்பிச்சாச்சா. பொங்கல்ல இருந்து ஒரு வரி போடலைன்னு திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா காரணம் கேட்டா சிரிப்பே. என்னைய சபாவுக்கு செக்ரட்டரி ஆக்கிட்டாங்கடி. ட்யூப்லைட்தான் ப்ரொபோஸ் பண்ணிச்சு, பழைய பகை. செக்ரட்டரின்னா பட்டுப்புடவை கட்டி குத்துவிளக்கு ஏத்துறதுன்னு நெனச்சேன், இங்க என்னடான்னா ஹால் வாடகை, மைக் செட்காரரோட சண்டை, மிருதங்கக்காரருக்கு சுக்குக்காப்பி, சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் மேடையில நின்னு வழியுறது, எல்லாம் என் தலையிலதான்.

விஷயம் அது இல்ல. ஆண்டு விழாவுல நாட்டியத்துக்காக வாழ்ந்த ஒருத்தரைப் பத்தி பத்து நிமிஷம் பேசணும்னாங்க. கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளி ஆரம்பிச்ச ருக்மிணி தேவியத்தான் சொல்லுவேன்னு போட்டோவுக்கு மாலையே சொல்லி வச்சுட்டாங்க. நான் ஈ. கிருஷ்ண ஐயர்னு சொன்னதும் கமிட்டி மொத்தமும் ஒரு முழி முழிச்சுது பாரு. இத்தனை வருஷ சிநேகத்துல உங்க ஊர் அப்பளத்தைப் பத்தி ஆயிரம் தடவை அளந்திருக்கே, இவரு 1897ல அங்க பொறந்தவர்னு ஒரு தடவையாச்சும் சொன்னியாடி?

மனுஷன் வக்கீல். சாயங்காலமானா சுகுண விலாச சபாவுல நாடகம், பம்மல் சம்பந்த முதலியார் 1891ல ஆரம்பிச்சது, வக்கீலும் ஆபீசருமா சேர்ந்து நடிச்ச சபா, பொம்பள வேஷமும் ஆம்பளைங்களேதான். இவருக்கு காளிதாசன் நாடகத்துல வர்ற மாளவிகா வேஷம், அதுக்கு ஆடத் தெரியணுமே, ஆம்பளைங்களே ஆடற நாட்டிய நாடகமான மெலட்டூர் பாகவத மேளத்து நடேச ஐயர்கிட்ட போய் கத்துக்கிட்டாரு. நாடகம் முடிஞ்சதும் விட்டிருக்கலாம்ல, விடலை. சதிர்னாலே, அதான் இப்போ பரதநாட்டியம்னு சொல்றோமே, தேவதாசிங்க ஆடறதுன்னு மூஞ்சியச் சுளிக்கிற காலம், புடவை கட்டி சலங்கை கட்டி மேடைமேடையா இவரே ஆடிக் காட்டி, பாருங்க இதுல என்ன அசிங்கம்னு கேட்டிருக்காரு. கோர்ட்ல இருக்கறவனுங்க என்ன கிண்டல் அடிச்சிருப்பானுங்க! நடுவுல காங்கிரஸ், ஊர்வலத்துல பாரதி பாட்டு, ஜெயில் வேற.

இதெல்லாம் கூட இருக்கட்டும், செக்ரட்டரியா எனக்கு ஒண்ணுதான் உறைக்குது. 1928ல ஆரம்பிச்ச மியூசிக் அகாடமிக்கு இவரும் ஒரு செக்ரட்டரி. 1931 மார்ச்ல தேவதாசிக் குடும்பத்துக் கல்யாணியோட பொண்ணுங்க ராஜலக்ஷ்மி, ஜீவரத்னம் ரெண்டு பேரையும் அங்க ஆட வச்சாரு. கூட்டமே இல்ல. நம்ம சபாவா இருந்தா அடுத்த மீட்டிங்லயே நாட்டியம் வேணாம், பட்டிமன்றம் போடுங்கன்னு தீர்மானம் போட்டிருப்போம். அந்த மனுஷன் 1933 ஜனவரி 1ஆம் தேதி அதே பொண்ணுங்கள திரும்ப மேடையேத்துனாரு, இந்தத் தடவை ஹவுஸ்ஃபுல். ருக்மிணி தேவி அன்னிக்குப் பார்த்துட்டுப் போனதுதான், 1935ல அவங்களே மேடையேறினாங்க, 1936ல கலாக்ஷேத்ரா. ஆள் வராத கச்சேரிய ரெண்டாவது தடவை போடறதுக்கு என்ன நெஞ்சுரம் வேணும்னு டிக்கெட் வித்தவளுக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது தடவை கூட்டம் சேர்ந்ததுக்கு சண்டையும் ஒரு காரணம். 1932 கடைசியில மெட்ராஸ் முதல் மந்திரியான பொப்பிலி ராஜாவுக்குக் கொடுத்த விருந்துல சதிர் வச்சாங்கன்னு, தேவதாசி முறைய ஒழிக்கப் போராடின டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேப்பர்ல வெளுத்து வாங்கினாங்க, இவரு பதில் எழுத, அவங்க திருப்பி எழுத, மெட்ராஸே ரெண்டு பட்டுப் போச்சு. இங்கதான்டி எனக்குப் பேச்சு நிக்குது. முத்துலட்சுமிய எப்படி தப்புன்னு சொல்லுவேன், அவங்கம்மாவே தேவதாசிக் குடும்பம், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடறதுல பொண்ணுங்க பட்ட பாடு அவங்களுக்கு உள்ளேருந்தே தெரியும். இவரு கலையக் காப்பாத்தணும்னாரு, அதுவும் நியாயம். கலை பொழைச்சுது. 1947ல பொட்டுக்கட்டறதைத் தடுக்கற சட்டமும் வந்துது. ஆனா மேடையில யாரு நின்னாங்க? பாலசரஸ்வதி மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர அந்தக் குடும்பத்துப் பொண்ணுங்க ஒதுங்கிட்டாங்க, நட்டுவனார்கிட்ட கத்துக்கிட்டு நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைங்க வந்து நின்னோம். நம்ம டீச்சரம்மா அவங்கம்மாவப் பத்தி கேட்டா உடனே தட்டுக்கழிய ஓங்கித் தட்டி அடவுக்குப் போயிடுவாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ நமக்கு ஒண்ணும் புரியலை. கிருஷ்ண ஐயரைத் தலைமேல தூக்கி வச்சுப் பேசும்போது அந்தம்மா முன்வரிசையில உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சா எழுதினதை எல்லாம் அடிச்சுட்டு மறுபடி எழுதறேன்.

பின்னாடி மெட்ராஸ் ஸ்டேட் சங்கீத நாடக சங்கத்துக்கும் செயலாளரா இருந்தாரு, மெலட்டூர் பாகவத மேளத்தையும் விடாம வெளியில பேச வச்சாரு. 1966ல பத்மஸ்ரீ, 1968ல போயிட்டாரு. அடுத்தவங்க ஆட மேடை போட்டுக் கொடுத்த ஆளுக்கு மாலை போடறதுக்கு எங்க கமிட்டியில போட்டோவே இல்லைங்கறாங்க, ட்யூப்லைட் ஏதோ ஒரு தலைப்பாக்காரர் படத்தை டவுன்லோட் பண்ணி வந்து நிக்குது, அது இவரே இல்ல.

அதனால உன் சித்தப்பாகிட்ட கேளு, ஊர்ல யாராவது வச்சிருப்பாங்க. அப்புறம் அந்த ரெண்டு அக்கா தங்கச்சியில ஆரம்பிக்கவா, இல்ல இவரு புடவை கட்டினதுல ஆரம்பிக்கவா? எனக்கு முதல்ல சொன்னதுதான் சரின்னு படுது, ட்யூப்லைட் சண்டைக்கு வரும், வரட்டும். உனக்கு என்ன தோணுதுன்னு சீக்கிரம் எழுது. வாய்ஸ் நோட் அனுப்பாத, நீ பேசறதுல பாதி குக்கர் விசில்தான் கேக்குது.

உன்
ரெண்டாவது வரிசை