எங்கள் பிள்ளைகள் முதல் சுற்றில் வெளியேறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், என் மகன் படிக்கும் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியைப் பற்றி நான்கு வரி வந்திருந்தது. "போதிய பயிற்சியின்மையால் முதல் சுற்றிலேயே வெளியேறியது" என்று அதில் ஒரு வசனம். வீட்டில் பத்திரிகையை முதலில் எடுத்தவன் மகன்தான். வாசித்து முடித்து, மடித்து மேசையில் வைத்துவிட்டு, "நாங்க பயிற்சி எடுக்கலையாப்பா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் சுற்றில் எங்கள் பிள்ளைகள் ஆடியது நான்கு ஆட்டம். மூன்றில் வெற்றி, ஒன்று சமநிலை. வெளியேறியது காலிறுதியில். அதுவும் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில், பெனல்டியில் 4-3. முழு நேரத்துக்குள் அவர்களை ஒருவரும் தோற்கடிக்கவில்லை. ஐந்து ஆட்டத்தையும் நான் நேரில் பார்த்தேன். உங்கள் நிருபரை ஒன்றிலும் காணவில்லை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். கொழும்பில் மைதானங்களின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. வருடம் பிறந்தால் கல்லூரி மைதானம் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். நடுவில் கயிறு கட்டிவிடுவார்கள், ஓரத்தில் ஓடவும் விடமாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் விடிய ஐந்தரைக்கே பொது மைதானம் ஒன்றில் போய் நிற்பார்கள். அங்கே புல்லை விட மண் அதிகம். ஏழு மணிக்குக் குழாயடியில் கால் கழுவி, மரத்தடியில் உடுப்பு மாற்றி, மணி அடிப்பதற்குள் பாடசாலைக்கு ஓட்டம். 2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் நடந்தே போய்ப் பழகியவர்கள் இவர்கள்.

என் மகன் கோல்காப்பாளர். காலிறுதிக்கு இரண்டு நாள் முன்னால் அவனுடைய பூட்ஸின் அடி வாய் பிளந்துவிட்டது. புதிது வாங்கும் நிலையில் நான் இல்லை. புறக்கோட்டையில் சப்பாத்து தைப்பவரிடம் கொண்டுபோனேன். தடித்த நைலோன் நூலால் சுற்றித் தைத்து, பசை பூசி, "ரெண்டு நாளைக்குத் தண்ணி படக் கூடாது" என்றார். ஆட்டத்தன்று மழை. அந்தப் பூட்ஸோடுதான் அவன் ஒரு பெனல்டியைத் தடுத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடது காலின் அடி மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது.

இது இன்று தொடங்கிய கதை இல்லை ஐயா. மார்ச் மாதம் பிக் மெச் என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டங்கள் வந்தால் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகிறது. வரட்டும், 1879இல் தொடங்கிய ரோயல் - தோமஸ் கல்லூரிகளின் ஆட்டத்துக்கு அந்த மரியாதை உரியதுதான். உதைபந்துக்கும் ஒரு மரியாதை இருந்ததே! 1995இல் சுகததாச அரங்கில், மேலதிக நேரத்தில் விழுந்த ஒரே கோலால் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம். இருபது வயதில் அப்பாவோடு நின்று அதைப் பார்த்தேன், அவர் அழுததையும் பார்த்தேன். அடுத்த வருடம் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது. நானும் பட்டாசு கொளுத்தினேன். அப்புறம் 95ஐப் பற்றி யாரும் பேசவில்லை.

2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டை சர்வதேச உதைபந்தாட்டத்திலிருந்து இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் விட்டது. அந்த ஏழு மாதமும் மேலே இருந்தவர்களின் சண்டையை நீங்கள் விரிவாக எழுதினீர்கள். கீழே மைதானத்தில் நின்ற பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போதும் ஒரு கடிதம் போட்டேன். அது வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. "காலிறுதியில் பெனல்டியில் 4-3 என்று தோற்றது" என ஒரு திருத்தம் போடுங்கள். கோல் அடித்த பிள்ளையின் பெயரும் பிழையாக வந்திருக்கிறது. அவனுடைய அம்மா அந்தத் துண்டை வெட்டி வைக்க முடியாமல் இருக்கிறார். சரியான பெயர்களை எழுதி, அணியின் படத்தோடு புதன்கிழமை உங்கள் அலுவலக வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். படத்துக்கு இடம் இல்லையென்றால் அதைத் திருப்பித் தாருங்கள். எங்களிடம் இருப்பது அந்த ஒரு பிரதிதான்.

இப்படிக்கு,
கோல்காப்பாளரின் தகப்பன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13