சைவம் என்று எழுதும் முன் சீஸைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் 35ஆவது திருமண நாளுக்காக, சென்ற மாதம் என் மகன் என்னையும் என் கணவரையும் ஜார்ஜ்டவுனில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துப் போனான். பழைய கடைவீட்டைப் புதுப்பித்து நடத்துகிறார்கள். அன்று சிறப்பு விருந்து. நான்கு வகை உணவு, ஒவ்வொன்றுக்கும் அதிகம் பேர் கேள்விப்படாத ஓர் இத்தாலிய ஒயின். ஒருவருக்கு 280 வெள்ளி. எனக்குச் சைவம் வேண்டும் என்று மகன் பத்து நாளுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான். என் இடத்தில் தனி அட்டை வைத்து, மேலே 'வெஜிடேரியன்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பச்சை இலையும் வரைந்திருந்தார்கள்.

அம்மா இறந்ததிலிருந்து 22 ஆண்டுகளாக நான் சைவம். ஒயினில் ஒரு வாய் குடிப்பதில் எனக்குத் தடையில்லை. அதை ஏற்காதவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். நான் விட்டது மாமிசத்தை.

ஒயின் ஊற்றிய தம்பி நம்ம பையன்தான், முப்பது வயதுகூட இருக்காது. அவர் பேசியதைக் கேட்கவே 280 வெள்ளி கொடுக்கலாம். முதலில் வந்தது கொண்டைக்கடலை மாவில் சுட்ட ஃபாரினாட்டா என்ற அடை. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருந்தது. அதற்கு டிமொராஸ்ஸோ என்ற வெள்ளை ஒயின். பியெமோந்தே மாநிலத்தில் தொர்தோனா குன்றுகளில் விளையும் திராட்சை அது. பயிரிட்டால் தொல்லை, விளைச்சல் நிச்சயமில்லை என்று ஆளாளுக்குக் கொடியைப் பிடுங்கிவிட, 1980களில் அழிந்துபோகும் நிலையில் இருந்ததாம். வால்தர் மாஸ்ஸா என்ற விவசாயி விடாமல் பயிர் செய்து காப்பாற்றியிருக்கிறார். தம்பி இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். தேன் வாசனை, அதற்கடியில் மழையில் நனைந்த கல்லின் வாசனை.

இரண்டாவது, காச்சோ எ பெப்பே. சீஸும் மிளகும் மட்டும் போட்டுக் கிளறிய பாஸ்தா. கூட வந்த ஒயினின் பெயர் பெகோரினோ. இத்தாலிய மொழியில் பெகோரா என்றால் செம்மறி ஆடு. மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகள் இந்தத் திராட்சையை விரும்பித் தின்றதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். இதுவும் கிட்டத்தட்ட மறைந்துபோய், மார்கே மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் மிஞ்சியிருந்த பழைய கொடிகளிலிருந்து 1980களில் மீட்டது. "தட்டுல இருக்குற சீஸும் பெகோரினோதான் ஆண்ட்டி. பெகோரினோ ரொமானோ, செம்மறிப் பாலுல செஞ்சது, ஒரிஜினல்" என்றார் தம்பி பெருமையாக.

நான் இரண்டு கவளம் சாப்பிட்டிருந்தேன். ஒரிஜினல் என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது.

நான் இடைநிலைப்பள்ளியில் 29 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியை. செரிமானப் பாடத்தில் ரெனின் என்ற என்சைமைப் பற்றி எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் சுரந்து பாலைத் திரிய வைப்பது அதுதான். சீஸுக்குப் பாலைத் திரிய வைக்க ஊற்றும் ரென்னட்டில் இருப்பதும் அதே பொருள்தான். பழைய முறையில் அதை வெட்டிய குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். இப்போது பூஞ்சையிலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் கிடைப்பதால் உலகில் பெரும்பாலான சீஸ் அப்படித்தான் தயாராகிறது. ஆனால் அந்தப் பழைய இத்தாலியப் பெயர்கள் சட்டப்படி காக்கப்பட்டவை. பெகோரினோ ரொமானோ என்று பெயர் போட வேண்டுமானால் ஆட்டுக்குட்டியின் ரென்னட்டைத்தான் சேர்க்க வேண்டும். நாம் பார்மேசான் என்று சொல்லும் சீஸின் அசல் பெயரான பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்றால் கன்றுக்குட்டியின் ரென்னட். வேறு எதைச் சேர்த்தாலும் அந்தப் பெயர் கிடையாது. ஆகவே 'ஒரிஜினல்' என்றாலே சைவம் இல்லை.

"தம்பி, இந்தப் பாலை எதை ஊற்றித் திரிய வைத்தார்கள்?" என்று கேட்டேன். "சீஸ் பால்தானே ஆண்ட்டி?" என்றார். மறைத்துச் சொன்னதாக எனக்குப் படவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சமையலறைக்குப் போய்ப் பொட்டலத்தையே எடுத்து வந்தார். அடுத்த உணவான காளான் ரிசொத்தோவுக்கு வைத்திருந்த பார்மிஜானோ துண்டையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அதன் தடித்த மஞ்சள் தோலைத் திருப்பிப் பார்த்தேன். ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக அந்தப் பெயர் தோல் முழுக்கப் பதிந்திருந்தது. அந்த முத்திரை இருந்தால் கன்றுக்குட்டிதான், சந்தேகமே வேண்டாம்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் மாடு வளர்த்தவர். கன்று குடித்தது போக மிச்சம்தான் நமக்கு என்பார். மடியில் ஒரு காம்பைக் கன்றுக்கென்றே விட்டுவிட்டுத்தான் கறப்பார். அவருக்காக நான் எடுத்த விரதத்தில் இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. கணவர் ஒன்றும் பேசாமல் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அட்டையில் கடைசியாக இருந்த பன்னா கோத்தா என்ற பாலேட்டு இனிப்பைப் பற்றியும் கேட்டேன். வழக்கம்போல ஜெலட்டினில் உறைய வைத்தது. ஜெலட்டின் எலும்பும் தோலும். பினாங்கில் அகார் அகார் காய்ச்சத் தெரியாத வீடு உண்டா? கடல்பாசியில் உறைய வைத்தால் முடிந்தது.

மனதில் தைத்தது எதுவென்றால், அதே தம்பி ஒயின் விஷயத்தில் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையோ சேர்ப்பார்கள். அதைக் கேட்டபோது, அன்றைய நான்கில் எவை அப்படிச் செய்யாதவை என்று தயங்காமல் சொன்னார். மூன்றாவதாக ஊற்றிய ருக்கே என்ற சிவப்பு ஒயினை 1960களில் ஜாக்கோமோ காவுதா என்ற பாதிரியார் காஸ்தாஞோலே மொன்ஃபெர்ராதோ என்ற ஊரில் மீட்டெடுத்தார், 2010இல் அதற்கு இத்தாலியின் மிக உயர்ந்த தர முத்திரை கிடைத்தது என்பது வரை சொன்னார். முகர்ந்தால் பன்னீர் வாசனை, குடித்தால் மிளகு. அருமையான ஒயின். ஒரு திராட்சையின் பூர்வீகத்தை இவ்வளவு அக்கறையாகத் தேடியவர்கள், பச்சை இலை வரைந்து வைத்த தட்டில் இருந்த சீஸின் பூர்வீகத்தை ஒருமுறை கேட்டிருக்கலாமே?

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சமையல்காரரே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். பத்து நிமிடத்தில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய் மட்டும் போட்டு ஸ்பகெட்டி செய்து கொடுத்தார். பூண்டு பொன்னிறத்தில் நின்றிருந்தது, கொஞ்சமும் கருகவில்லை. ருக்கேயோடு அது எவ்வளவு பொருந்தியது! அன்று நான் சாப்பிட்டதிலேயே சிறந்தது அதுதான். சீஸ் இல்லாமலும் இத்தாலியச் சமையல் நிறைவாக இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்த பொருளோ இருந்தால் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும் என்கின்றன. தட்டில் வைத்துக் கொடுக்கும்போது எந்தக் குறிப்பும் வருவதில்லை. பினாங்கில் சைவம் கேட்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து தண்ணீர்மலை ஏறுபவர்கள், ஒன்பது பேரரசர் திருவிழாவில் ஒன்பது நாளும் சைவம் சாப்பிடும் சீன நண்பர்கள், என்னைப்போல் ஆண்டு முழுக்க இருப்பவர்கள். பீட்சாவும் பாஸ்தாவும் 'சீஸ்தானே' என்று நம்பிச் சாப்பிடுகிறோம்.

உணவக உரிமையாளர்களுக்கு என் வேண்டுகோள்: ரென்னட் எதிலிருந்து வந்தது என்று சீஸ் விற்பவரிடம் கேளுங்கள். நுண்ணுயிர் ரென்னட் சீஸ் கிடைக்கிறது. மாஸ்கர்போனே போன்றவற்றை அமிலத்தில்தான் திரிய வைக்கிறார்கள், ரென்னட் தேவையில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அந்தப் பச்சை இலையை வரையாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் ஞாயிறு சமையல் பக்கத்திலும் சைவக் குறிப்புகளில் பார்மேசான் சீஸ் வருவதைப் பார்த்திருக்கிறேன். அங்கும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. என் கணவரின் பிறந்தநாளுக்கு அதே உணவகத்துக்குத்தான் போகப் போகிறோம். பன்னா கோத்தாவை அகார் அகாரில் செய்து வைக்கிறேன் என்று அந்தச் சமையல்காரர் மகனிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு