குவாங்கியின் எலும்புகள்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ சொன்ன 'குவாங்கியின் பள்ளத்தாக்கு' படத்தை நானும் அம்மாவும் பார்த்துவிட்டோம். அம்மா முதல் அரை மணி நேரத்திலேயே உறங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். டைனோசர் தலைகாட்டும்வரை அந்தக் கதாநாயகனும் நாயகியும் பழைய காதலைப் பேசியே பொழுதைப் போக்குகிறார்கள்.

1969இல் வந்த படம். 1900ஐ ஒட்டிய மெக்சிகோவில் கதை நடக்கிறது. நாய் உயரமே உள்ள ஆதிகாலக் குதிரை ஒன்றைத் தேடிப் போகும் சர்க்கஸ்காரர்கள், குவாங்கி என்ற அலோசாரஸிடம், அதாவது ஊன் தின்னும் டைனோசரிடம், மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குதிரைக்கும் அலோசாரஸுக்கும் நடுவே ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு இடைவெளி உண்டு. கதை எழுதியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நானும் படவில்லை.

கயிறு வீசிப் பிடிக்கும் காட்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஸ்பெயினில் படம்பிடித்தபோது அங்கே நின்றது ஒரு ஜீப். அதன்மேல் விலங்கின் உயரத்துக்கு ஒரு கம்பம். குதிரைமேல் இருந்தவர்கள் அந்தக் கம்பத்துக்குத்தான் சுருக்குப் போட்டார்கள். பிறகு, படத்தில் பொம்மைகளை அசையவைத்த ரே ஹாரிஹாசன் தன் ஸ்டுடியோவில் ஜீப்பை மறைத்து, அதன் இடத்தில் மேசைமேல் நிற்கும் பொம்மையை வைத்தார். ஆள் கையிலிருந்து கிளம்புவது நிஜக் கயிறு, குவாங்கியின் கழுத்தில் இருப்பது பொம்மைக்குக் கட்டிய, கயிறுபோல வண்ணம் பூசிய கம்பி. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன், பிடிபடவில்லை. வினாடிக்கு 24 படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வால், கழுத்து, தாடை, கயிறுகள் என்று எல்லாவற்றையும் மயிரிழை நகர்த்தி வைக்கவேண்டும். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஷாட்டுக்கு ஷாட் அதன் தோல் நிறம் மாறுகிறதே, ஒன்றில் சாம்பல், அடுத்ததில் ஊதா! அதைக் கவனித்தாயா?

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. தன் பள்ளத்தாக்கில் இருந்த விலங்கை ஊருக்கு இழுத்துவந்ததே இவர்கள்தான். தப்பித்து ஓடியதைத் தேவாலயத்துக்குள் அடைத்து உயிரோடு எரிக்கிறார்கள். அது அலறும்போது அம்மா விழித்துக்கொண்டாள்.

அதன்பிறகு நீ அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன். இந்தக் கதை முதலில் ஹாரிஹாசனின் குரு வில்லிஸ் ஓ'பிரையனுடையதாம். 'கிங் காங்' பொம்மைகளுக்கு உயிர் கொடுத்த அதே மனிதர். 1942இல் ஏற்பாடுகள் நடந்து, ஸ்டுடியோ கைவிட்டுவிட்டது. 1962இல் அவர் போய்ச்சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் சீடர் தூசி தட்டி எடுத்தார். எடுத்தும் என்ன, படம் வெளியான நேரத்தில் சரியான விளம்பரம் இல்லாமல் போயிற்று.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது ஹாரிஹாசனின் தகப்பனார் பிரெட். மனிதர் மெஷினிஸ்ட்! மகனின் பொம்மைகளுக்குள் இருக்கும் இரும்பு எலும்புக்கூட்டை அவர்தான் கடைந்திருக்கிறார். மகன் லண்டனுக்குக் குடிபோன பிறகும் அங்கிருந்து வரைபடம் வரும், லாஸ் ஏஞ்சலஸில் அப்பா லேத்தில் கடைந்து அனுப்புவார். ஆரம்பகால பொம்மைகளுக்கு உடை தைத்தது அம்மா.

சொந்தமாக ஒரு சின்னப் பொம்மைப் படம் எடுக்க ஆசை, எலும்புக்கூட்டின் விலையைக் கேட்டுத்தான் தயங்குகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதன் படத்தை உற்றுப் பார்த்தேன். இரண்டு தகடு, நடுவே குண்டு, இறுக்க ஒரு திருகு. பந்துக் கிண்ண மூட்டுதான், வேறொன்றும் இல்லை. குண்டு பிசிறில்லாமல் இருக்கவேண்டும், குழி அதற்குச் சரியாக அமரவேண்டும். அதிகம் இறுக்கினால் அசையாது, தளர்ந்தால் கை தொங்கிவிடும். வாழ்நாளெல்லாம் கடைசல் பட்டறையில் இதைவிடச் சிக்கலான வேலையெல்லாம் பார்த்தவன் நான். பட்டறையைத்தான் விட்டேன், கை விடவில்லை. நண்பர் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை லேத் சும்மாதான் இருக்கிறது, கேட்டும் வைத்துவிட்டேன்.

வரைபடம் அனுப்பு. பொம்மையின் உயரம் என்ன, ரப்பர் போர்த்தியபின் எடை எவ்வளவு வரும், எந்த மூட்டு எந்தப் பக்கம் வளையவேண்டும் என்று தெளிவாக எழுது. மொத்த எடையும் கணுக்காலில்தான் இறங்கும், அங்கே குண்டு பெரிதாக இருக்கட்டும். பாதத்தைத் தரையோடு பிடித்து நிறுத்தத் திருகு அடியிலிருந்து வருமா, வேறு ஏற்பாடா என்பதையும் சொல். முதலில் ஒரு முழங்கையை மட்டும் செய்து அனுப்புகிறேன், இறுக்கம் போதுமா என்று நீ பார்த்துச் சொன்னபிறகு மீதியைத் தொடுகிறேன். பொம்மைக்குச் சட்டை உண்டா என்று அம்மா கேட்கிறாள்.

அளவெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கட்டும், இஞ்சில் எழுதி என் உயிரை வாங்காதே.

அன்புடன்,
அப்பா