ஒரு சிலம்பு, ஒரு கைக்குட்டை, ஒரு மதிப்பெண்

வினாத்தாள் குழுவினருக்கும் விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

இளங்கலை ஆங்கில இலக்கியம், ஷேக்ஸ்பியர் தாள் பற்றித்தான் எழுதுகிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்பது தெரியும். அதனால் எந்தப் பல்கலைக்கழகம், எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி இது: ‘ஒதெல்லோவின் வீழ்ச்சிக்குக் காரணமான குறை எது? விளக்குக.’ ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில், அதாவது ‘கீ’யில், இதற்கு நேராக இருந்தது ஒரே சொல்: ஜெலஸி (சந்தேகப் பொறாமை). ஒரே சொல்லில் முடிகிற விடைக்கு ஐந்து மதிப்பெண் எதற்கு, ‘விளக்குக’ எதற்கு என்று அப்போதே தோன்றியது. சரி, எப்போதும் நடப்பதுதானே என்று கட்டைப் பிரித்தேன்.

மதியக் கட்டில் ஏழாவதோ எட்டாவதோ தாள். மேல் துண்டு கிழித்த தாள் என்பதால் எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கோழிக்கிறுக்கல். ஆங்கிலமும் தட்டுத் தடுமாறித்தான் போகிறது. ஆனால் அந்தப் பிள்ளை சொல்லியிருந்த விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இயாகோவின் பேச்சைக் கேட்டு மனைவியைக் கொன்ற ஒதெல்லோ இயல்பாகவே சந்தேகப் பிராணி இல்லை. ‘பார்த்த பிறகுதான் சந்தேகப்படுவேன், சந்தேகம் வந்தால் நிரூபணம் கேட்பேன்’ என்று மூன்றாம் அங்கத்தில் அவனே இயாகோவிடம் சொல்கிறான். சொன்னபடி நிரூபணம் கேட்கவும் செய்கிறான். ஆனால் நிரூபணம் என்று மனைவியின் கைக்குட்டை வந்ததும் அதை நம்பிவிடுகிறான். அது எப்படிக் கை மாறியது என்று தீர விசாரிக்கவில்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு, நடுவில் தமிழிலேயே ‘தேரா மன்னா’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. பாண்டியனுக்கு ஒரு சிலம்பு, ஒதெல்லோவுக்கு ஒரு கைக்குட்டை. அங்கே பொற்கொல்லன், இங்கே இயாகோ. அங்கே கண்ணகி வந்து உண்மையைச் சொல்கிறாள், இங்கே இயாகோவின் மனைவி எமிலியா. உண்மை தெரிந்த பிறகு பாண்டியனும் ஒதெல்லோவும் உயிரோடு இருக்கவில்லை.

இருபத்து மூன்று வருடமாக ஒதெல்லோ நடத்துகிறேன். எமிலியாவைக் கண்ணகிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

நாலு மதிப்பெண் போட்டேன். திருத்துவதை மேற்பார்க்கும் சேர்மன் தாளைப் புரட்டிப் பார்த்தார். “மேடம், கீயில் இருக்கிற வார்த்தை இதில் எங்கே?”

“பதில் இருக்கு சார். வார்த்தைதான் இல்லை.”

“இங்கிலீஷ் பேப்பரில் தமிழ் வேற எழுதி வச்சிருக்கு.”

என்னுடைய நாலு அடிபட்டு, பக்கத்தில் பச்சை மையில் ஒன்று விழுந்தது. கூட்டிப் பார்த்தேன். 75-க்கு 28. தேர்ச்சிக்கு 30 வேண்டும். நான் போட்ட நாலு நின்றிருந்தால் 31. அடுத்த தாளில் ‘ஒதெல்லோவின் குறை ஜெலஸி’ என்ற ஒரே வாக்கியம் ஐந்து விதமாகத் திருப்பித் திருப்பி எழுதப்பட்டிருந்தது. அதற்கு நாலு கிடைத்தது. கீ அப்படி.

சேர்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்த தாள்தான் இருந்தது. என் கோரிக்கையும் உங்களிடம்தான், ஒன்றே ஒன்றுதான். விடைக்குறிப்பின் அடியில் ஒரு வரி சேருங்கள்: ‘பிரதியிலிருந்து காரணம் காட்டி எழுதப்பட்ட வேறு விடைகளுக்கும் மதிப்பெண் தரலாம்.’

‘குறை’ என்ற இந்த வார்த்தையே எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அரிஸ்டாட்டில் கவிதையியலின் 13-ஆம் அத்தியாயத்தில் சொன்ன சொல் ஹமார்ஷியா. அவலநாயகன் விழுவது கயமையால் அல்ல, ஒரு ஹமார்ஷியாவால் என்கிறார். கெட்ட குணத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் அந்தச் சொல்லையே எடுக்கிறார். நாமோ அதை மறுபடி ஒரு கெட்ட குணமாக்கிப் பிள்ளைகளுக்கு மனப்பாடத்துக்குக் கொடுக்கிறோம். கிரேக்கத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குக் குறி தவறுதல் என்று பொருள். ஹோமரில் எறிந்த ஈட்டி இலக்கில் படாமல் போவதற்கும் அந்த வினைதான். இதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது. ‘யானை பிழைத்தவேல்’ என்கிறாரே வள்ளுவர், அந்தப் பிழை. ‘தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது’ என்று பாண்டியன் சொல்லிச் சாய்கிறானே, அதே பிழை. அந்தப் பிள்ளை தமிழுக்குத் தாவியது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அரிஸ்டாட்டிலுக்கு உங்கள் கீயைவிட நாலு அடி கிட்டத்தில் போய் நின்றிருக்கிறது.

அரிஸ்டாட்டில் பழையவர், விடுங்கள். நாம் எல்லோரும் நோட்ஸ் எடுக்கிற ஷேக்ஸ்பியர் விமர்சகர் பிராட்லி 1904-லேயே ஒதெல்லோ இயல்பில் சந்தேகக்காரன் அல்ல என்று எழுதிவிட்டார். ஒதெல்லோவே சாகும் முன் தன்னை ‘எளிதில் சந்தேகப்படாதவன்’ என்றுதான் எழுதச் சொல்கிறான். அவனை நம்ப வேண்டும் என்று இல்லை. சாகிற நேரத்திலும் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்கிறான் என்று வாதாடலாம், வாதாடியவர்களும் உண்டு. அந்த வாதத்துக்குத்தானே ஐந்து மதிப்பெண்?

மற்றவர்களுக்கும் இதே கதிதான். ஹாம்லெட் என்றால் தள்ளிப்போடுதல், மேக்பெத் என்றால் பேராசை, லியர் என்றால் முன்கோபம், ஈடிபஸ் என்றால் அகந்தை. மருந்துக்கடை டப்பாவில் ஒட்டின சீட்டு மாதிரி. திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யார் என்றுகூடப் பார்க்காமல் பொலோனியஸைக் குத்துகிற ஹாம்லெட் எதைத் தள்ளிப்போட்டான்? முச்சந்தியில் தன்னை அடித்த கிழவர் பெற்ற அப்பன் என்று தெரியாதது ஈடிபஸின் அகந்தையா? இந்த வேகத்தில் போனால் கர்ணனுக்கும் ஒரு கீ போட்டுவிடலாம். கொடை அதிகம், அரை மதிப்பெண். செஞ்சோற்றுக்கடன், அரை மதிப்பெண். கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்ததற்கு ‘அலட்சியம்’ என்று எழுதினால் போனஸ். கைடு போடுகிறவர்களுக்கும் வேலை சுலபம். அவர்கள்தான் பல வருடமாக உங்கள் வினாத்தாளை எழுதுகிறார்களோ என்ற சந்தேகம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் உண்டு. சந்தேகம்தான், கைக்குட்டை எதுவும் என்னிடம் இல்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். ஆயிரக்கணக்கான தாள்களைக் குறித்த நாளுக்குள் திருத்தி முடிக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறினாலும் புகார் வரும், அதற்குத்தான் கீ என்பது எனக்கும் புரிகிறது. கீ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெலஸி என்று எழுதியவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. ‘பிரதியிலிருந்து காரணம் காட்டி எழுதப்பட்ட வேறு விடைகளுக்கும் மதிப்பெண் தரலாம்’ என்ற அந்த ஒரு வரி இருந்திருந்தால், சேர்மனிடம் அதைக் காட்டி நான் வாதாடியிருப்பேன்.

அந்தப் பிள்ளை இப்போது அரியர் எழுத வேண்டும், அல்லது பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மறுமதிப்பீட்டிலும் இதே கீதான். அடுத்த முகாம் நவம்பரில். அதற்குள் அந்த வரியைச் சேர்க்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதிய இரண்டு சொல்லுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கலாமா கூடாதா என்பதையும், முடிந்தால், எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
அந்தத் தாளுக்கு நாலு போட்ட ஆசிரியை