துப்பாக்கி வர்த்தகக் கண்காட்சியின் அனுமதி விதி யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஷாட் ஷோ என்னும் துப்பாக்கித் தொழில் கண்காட்சி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். யார் வேண்டுமானாலும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், விரும்பிய துப்பாக்கியை வாங்கி வரலாம் என்ற எண்ணத்தை அந்தக் கட்டுரை ஏற்படுத்தக்கூடும். உண்மை நிலை வேறு. அதை எடுத்துச் சொல்வதோடு, அந்தக் கண்காட்சியின் நோக்கம் மாறிவரும் விதம் குறித்து எனக்குள்ள கவலையையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஷாட் ஷோ பொதுமக்களுக்கானதன்று. துப்பாக்கி, வேட்டை, வெளிப்புற விளையாட்டுச் சாதனங்கள் ஆகிய தொழில்களில் இருப்பவர்களும், காவல் துறையினரும், இராணுவத்தினரும், பதிவு பெற்ற ஊடகத்தினரும் மட்டுமே அதில் கலந்துகொள்ளலாம். அதற்கான சான்றைப் பதிவு செய்யும்போதே காட்டவும் வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த எவருக்கும், கைக்குழந்தை உட்பட, அனுமதி கிடையாது. காட்சிக்கு வைக்கப்படும் துப்பாக்கிகளிலிருந்து ஃபயரிங் பின் எனப்படும் சுடு ஊசி அகற்றப்பட்டிருக்கும். வருபவர் தம் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாது. அரங்கில் விலை கொடுத்து ஒன்றை வாங்கிச் செல்லவும் முடியாது. வார இறுதிகளில் அமெரிக்க ஊர்களில் நடைபெறும் துப்பாக்கிச் சந்தைகளில்தான் பொதுமக்கள் கட்டணம் செலுத்தி நுழைந்து ஆயுதம் வாங்குகிறார்கள். அந்தச் சந்தைகளைப் பற்றிய விவாதம் தனி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டில் எதைப் பற்றியும் சரியான முடிவுக்கு வர இயலாது.

இந்தக் கண்காட்சியை நடத்துவது, 1961இல் தோன்றிய தேசியத் துப்பாக்கி சுடும் விளையாட்டு அறக்கட்டளை என்ற தொழில் அமைப்பு. முதல் கண்காட்சி 1979இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. பிறகு டல்லாஸ், ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா, ஆர்லாண்டோ என்று ஊர் ஊராகச் சுற்றி, 2010 முதல் லாஸ் வேகாஸிலேயே நிலைபெற்றுவிட்டது. அன்றைய நோக்கத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வேட்டைப் பருவம் முடிந்து, விற்றது எது, தேங்கியது எது என்று கணக்குப் பார்த்த சிறு நகரக் கடைக்காரர், ஜனவரியில் நேரில் வந்து, புதிய மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, அந்த ஆண்டுக்கான கொள்முதலை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்; உற்பத்தியாளரும் அதற்கென்று தனித் தள்ளுபடி தருவார். தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதிக்கு அந்தக் கொள்முதலே அடிப்படை. வாங்குபவரும் விற்பவரும் இடையூறின்றி விலை பேச ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த அடிப்படை இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. மொத்த விநியோகஸ்தர்களும், கடைக்காரர்கள் கூடி அமைத்த கொள்முதல் குழுக்களும் தங்களுக்கென்று தனிக் கண்காட்சிகளை நடத்துகின்றன; ஆண்டுக் கொள்முதலில் பெரும்பங்கு அங்கேயோ இணையத்திலோ முடிந்துவிடுகிறது. புதிய மாதிரிகளும் ஜனவரிக்காகக் காத்திருப்பதில்லை. அரங்கக் கதவு திறப்பதற்கு முன்பே அவற்றைப் பற்றிய காணொளிகள் உலகெங்கும் பரவிவிடுகின்றன. கண்காட்சிக்கு முந்தைய நாள் நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில் நடக்கும் நிகழ்ச்சியில், ஊடகத்தினரும் கொள்முதல் செய்வோரும் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கிறார்கள். அன்று மாலைக்குள் அதன் படங்கள் வந்துவிடுகின்றன. ஆக, கொள்முதல் செய்யும் இடமாக இருந்தது விளம்பரம் செய்யும் இடமாக மாறிவருகிறது. வருவோர் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுகிறார்கள்.

இவர்களில் எத்தனை பேர் உண்மையில் தொழிலில் இருப்பவர்கள் என்பதுதான் கேள்வி. நண்பர் ஒருவரின் கடைப் பெயரில் அடையாள அட்டை பெற்று வரும் ஆர்வலர்களைப் பற்றியும், அரங்குகளில் பொருளைப் பார்ப்பதைவிடப் பரிசுப் பைகளைச் சேர்ப்பதில் முனைந்திருப்பவர்களைப் பற்றியும் விற்பனையாளர்களிடையே நெடுநாளைய மனக்குறை உண்டு. ஆர்வலர்களை நான் பழிக்கவில்லை; விருப்பமுள்ள துறையின் கண்காட்சியைக் காண ஆசைப்படுவது குற்றமாகாது. ஆனால் நானூறு மைல் பயணம் செய்து, விடுதிக்கும் உணவுக்கும் செலவிட்டு, நான்கு நாள் கடையை வேறொருவர் பொறுப்பில் விட்டு வந்த ஒரு சிறு விற்பனையாளர், உற்பத்தியாளரின் பிரதிநிதியிடம் பத்து நிமிடம் பேச வழியின்றிக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும்போது, விதி யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கே பயன்படாமல் போகிறது.

இதை அந்தத் தொழிலின் உள்விவகாரம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், துப்பாக்கி வணிகம் செய்பவர் கூட்டாட்சி அரசின் உரிமம் பெற வேண்டும். வாங்குபவரை 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்பச் செய்து, பின்னணிச் சோதனைக்கு அனுப்பும் பொறுப்பு அந்த உரிமம் பெற்ற விற்பனையாளருடையது. சோதனையில் தடை வராவிட்டாலும், எதிரில் நிற்பவர் பிறருக்காக வாங்குகிறார் என்றோ, மனம் கலங்கிய நிலையில் இருக்கிறார் என்றோ தோன்றினால் விற்க மறுக்கக்கூடியவரும் அவரே. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு மனிதரின் அறிவும் பயிற்சியும் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

அவருக்கு அந்த அறிவைத் தரும் வாய்ப்புகள் இந்தக் கண்காட்சியில் இருக்கின்றன. துப்பாக்கி வணிகத்துக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும், ஏ.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி அமைப்பின் அலுவலர்கள் அங்கு அரங்கு அமைத்து விற்பனையாளர்களின் ஐயங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். பதிவேடுகளை வைத்திருக்கும் முறை குறித்து வகுப்புகள் நடக்கின்றன. பிறருக்காகப் பொய் சொல்லித் துப்பாக்கி வாங்குவதைத் தடுக்கும் பிரசாரத்தை ஏ.டி.எஃப். அமைப்போடு சேர்ந்து நடத்துவதும், 2016 முதல் அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளையோடு இணைந்து செயல்படுவதும் கண்காட்சியை நடத்தும் அதே தொழில் அமைப்புதான். விதிகளோ அடிக்கடி மாறுகின்றன. முன்கையில் ஊன்றிப் பிடிப்பதற்காகக் கைத்துப்பாக்கிகளில் பொருத்தப்படும் தாங்கிகள் குறித்த புதிய விதியை அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் 2023 ஜனவரி 13 அன்று அறிவித்தது. அடுத்த வாரமே கண்காட்சி. அந்த விதியை 2024 ஜூனில் நீதிமன்றம் ரத்து செய்தது. துப்பாக்கி வணிகத்தில் ஈடுபடுபவர் யார் என்பதற்கான சட்ட வரையறையே 2022இல் திருத்தப்பட்டது. இத்தகைய சூழலில் விற்பனையாளரும் அதிகாரியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் நேரத்தை எந்தக் காணொளியாலும் ஈடுசெய்ய முடியாது.

அனுமதியைத் தளர்த்த வேண்டும் என்போர் சொல்லும் காரணங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். ஒரு மூலையில் சிறிய அரங்கு எடுத்திருக்கும் புதிய நிறுவனத்துக்குப் பெரிய விநியோகஸ்தர்கள் செவிகொடுப்பதில்லை; பலர் பார்க்கும் ஒரு காணொளி அந்த நிறுவனத்தைக் காப்பாற்றிவிடக்கூடும். ஆகவே ஊடகத்தினருக்கும் தனிநபர் காணொளியாளர்களுக்கும் இடம் இருக்கட்டும். அதற்காகப் பொதுமக்களுக்கும் கதவைத் திறக்கத் தேவையில்லை. அவர்களுக்கு வேறு இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைபிள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து நிறுவனங்களின் அரங்குகளைப் பார்க்கிறார்கள். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் நடக்கும் கண்காட்சிக்கு எவரும் சீட்டு வாங்கிப் போகலாம்.

அந்த ஹாரிஸ்பர்க்கில் 2013இல் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்த சில வாரங்களில், அங்கே கண்காட்சி நடத்திவந்த ரீட் நிறுவனம் இராணுவத் துப்பாக்கியின் தோற்றமுள்ள ஏ.ஆர். வகைத் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று அறிவித்தது. கண்காட்சியாளர்கள் பெருமளவில் விலகியதால் கண்காட்சியே ஒத்திவைக்கப்பட்டது. ஷாட் ஷோவையும் அப்போது நிர்வகித்துவந்த அந்த நிறுவனத்துக்கும் தொழில் அமைப்புக்கும் இடையிலான ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. அந்தத் தடை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தொடங்குவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது கண்காட்சியின் விதியை மாற்றினால் எல்லாத் தரப்புக்கும் இழப்பு என்பதையே அது காட்டியது. அனுமதி விதிக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் நியூரம்பர்கில் 1974இல் தொடங்கிய ஐ.டபிள்யூ.ஏ. என்னும் துப்பாக்கித் தொழில் கண்காட்சி, பதினெட்டு வயது நிறைந்த தொழில்முறை வருகையாளர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற வரம்பை வெளிப்படையாக வைத்திருக்கிறது.

என் கருத்து இதுதான். முதல் இரண்டு நாட்களை உரிமம் பெற்ற விற்பனையாளர்களுக்கும் கொள்முதல் செய்யும் அரசுத் துறையினருக்கும் ஒதுக்கிவிட்டு, ஊடகத்தினரையும் பிறரையும் மூன்றாம் நாள் முதல் அனுமதிக்கலாம். ஒரு கடையின் பெயரில் எத்தனை அட்டைகள் வழங்கலாம் என்பதற்கு வரம்பு வைத்து, அந்தக் கடையின் உரிம எண்ணோடு ஒவ்வோர் அட்டையையும் இணைக்கலாம். ஏ.டி.எஃப். அலுவலர்களின் வகுப்புகளில் விற்பனையாளர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். இந்த விதிகளைக் கண்காட்சி தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அறிவித்து, அந்த ஆண்டு முழுவதும் மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்த ஜனவரியில் இந்தக் கண்காட்சி பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, அரங்குகளில் மின்னும் புதிய துப்பாக்கிகளோடு, உள்ளே வர யாருக்கு அனுமதி இருந்தது, வந்தவர்களில் விற்பனையாளர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்டு வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்